அப்பா சம்பாத்தியம் மட்டும் இல்ல, ஏரியாவும் சேர்ந்துதான் புள்ளைய தூக்கி விடுது

நம்ம ஊர்ல ஒரு பையன் முன்னுக்கு வந்துட்டான்னா உடனே ரெண்டே காரணம்தான் சொல்லுவோம், ஒன்னு பையன் நல்லா படிச்சான், இன்னொன்னு அப்பா அம்மா வயித்த கட்டி வாய கட்டி படிக்க வெச்சாங்க. முன்னுக்கு வரலன்னா அதுக்கும் ரெடியா ஒரு பதில் இருக்கு, சேர்க்கை சரியில்ல. பொருளாதார ஆராய்ச்சி பண்றவங்க கடந்த பத்து பதினஞ்சு வருஷமா கோடிக்கணக்கான பேரோட வருமான கணக்க தோண்டி பாத்து சொல்றதும் கிட்டத்தட்ட அதுதான், சுத்தி இருக்கிறவங்க ரொம்ப முக்கியம்னு. ஆனா நாம அத பையன திட்டுறதுக்கு சொல்றோம், அவங்க அவன் வளர்ந்த ஏரியாவ பாக்க சொல்றாங்க.

இந்த சப்ஜெக்டுக்கு பேரு தலைமுறைகளுக்கு இடையிலான பொருளாதார நகர்வு. பேர பாத்து ஓடிடாதீங்க, விஷயம் சிம்பிள். அப்பா அம்மா இருந்த இடத்துல இருந்து புள்ளைங்க எவ்ளோ மேல போறாங்க, இல்ல அங்கயே நிக்கிறாங்களா, அவ்ளோதான்.

இத ரெண்டு விதமா அளக்கலாம், இங்கதான் நிறைய பேர் குழப்பிக்கிறாங்க. அப்பா ஹார்பர்ல மூட்ட தூக்கினார், புள்ள ஆப்ல கார் ஓட்டுறான், விலைவாசி ஏறினத கழிச்சு பாத்தாலும் புள்ள அதிகமா சம்பாதிக்கிறான்னா அது ஒரு வகை முன்னேற்றம். இன்னொரு வகை என்னன்னா, ஊர்ல உள்ள எல்லாரையும் வருமானத்த வெச்சு நூறு பேர் வரிசையா நிக்க வெச்சா அப்பா கீழ இருந்து 15வது ஆளா இருந்தார், புள்ள எங்க நிக்கிறான்? 17லன்னா, கையில காசு கூடியிருக்கு, போன் மாறியிருக்கு, பைக் வந்திருக்கு, ஆனா வரிசையில கிட்டத்தட்ட அதே எடம். ஏன்னா மத்தவங்களும் நகர்ந்துட்டாங்க.

முதல் வகையிலயே பெரிய பெரிய நாடெல்லாம் திணறுது. அமெரிக்காவுல 1940ல பொறந்தவங்கள்ல சுமார் 90 சதவீதம் பேர் அவங்க அப்பா அம்மாவ விட அதிகமா சம்பாதிச்சாங்க, 1980கள்ல பொறந்தவங்களுக்கு அது சுமார் பாதிதான். ரெண்டாவது வகைக்கு ஓஈசிடி, அதாவது பெரும்பாலும் வசதியான நாடுங்க சேர்ந்திருக்கிற ஒரு அமைப்பு, 2018ல ஒரு மதிப்பீடு போட்டுச்சு, அடிமட்டத்துல இருக்கிற ஒரு குடும்பம் அந்த நாட்டோட சராசரி வருமானத்த தொட எத்தன தலைமுறை ஆகும்னு. டென்மார்க்ல 2, ஓஈசிடி நாடுகள் சராசரி 4.5, இந்தியாவுல 7. ஏழு தலைமுறைக்கு உக்காந்து சாப்பிட சொத்து சேத்து வெச்சிருக்கான்னு சிலர பாத்து பேசிப்போம்ல, இந்த பக்கம் ஒரு ஏழை குடும்பம் வெறும் சராசரிக்கு வரவே அதே ஏழு ஆகுது. இது ஒரு தோராய கணக்குதான், இத வெச்சு சண்டைக்கு போக வேணாம், ஆனா அளவு புரியுது.

சரி, ஏரியா மேட்டருக்கு வருவோம். இதுல பெரிய பேரு ராஜ் செட்டி. டெல்லியில பொறந்தவர், குடும்பத்துக்கு பூர்வீகம் நம்ம தமிழ்நாடு, ஹார்வர்டுல பேராசிரியர். 2014ல இவரும் கூட மூணு பேரும் சேர்ந்து அமெரிக்க வருமான வரி கணக்குல இருந்து நாலு கோடி பேருக்கு மேல எடுத்து, அப்பா அம்மா வருமானத்தையும் புள்ளைங்க வளர்ந்தப்புறம் வாங்குற வருமானத்தையும் கோத்து பாத்தாங்க. நாட்ட 741 வட்டாரமா பிரிச்சுக்கிட்டாங்க. கேள்வி இதுதான்: வருமானத்துல கடைசி 20 சதவீத வீட்டுல பொறந்த குழந்தை, மேல இருக்கிற 20 சதவீதத்துக்குள்ள போக எவ்ளோ வாய்ப்பு? பொறந்த வீட்டுக்கும் வருமானத்துக்கும் சம்பந்தமே இல்லன்னா 20 சதவீதம் வரணும். கலிஃபோர்னியாவுல சான் ஹோசே பக்கம் 12.9 வந்துச்சு. வட கரோலினாவுல சார்லட் பக்கம் வெறும் 4.4. ஒரே நாடு, ஒரே டாலரு, ஒரே சட்டம், ஒரே அளவு ஏழ்மை, ஆனா எந்த ஊர்ல வளர்ந்தாங்கறத பொறுத்து மூணு மடங்கு வித்தியாசம்.

வாய்ப்பு அதிகமா இருந்த ஊர்கள்ல பொதுவா என்ன இருந்துச்சுன்னு பாத்தா அஞ்சு விஷயம் மாட்டுச்சு. ஏழை பணக்காரன், கருப்பு வெள்ளைன்னு தனித்தனி ஏரியாவா பிரிஞ்சு கிடக்காம கலந்து இருந்தாங்க, வருமான ஏற்றத்தாழ்வு கம்மி, ஆரம்ப பள்ளிக்கூடங்க நல்லா இருந்துச்சு, ஜனங்களுக்குள்ள ஒட்டும் உறவும் சங்கம் கோயில் க்ளப்னு ஒன்னு சேர்ற பழக்கமும் அதிகம், அப்புறம் குடும்பங்கள் உடையாம இருந்துச்சு. கடைசி விஷயத்துல ஒரு ஆச்சரியம், தன் வீட்டுல அப்பா அம்மா ரெண்டு பேரும் ஒழுங்கா இருந்தாலும், தெருவுல உடைஞ்ச குடும்பங்க நிறைய இருந்தா அந்த புள்ளைக்கும் வாய்ப்பு குறையுது. நம்ம ஊருக்கு இத அப்படியே பொருத்த முடியாது, இங்க விவாகரத்து கதை வேற, ஆனா தெரு முனையில டாஸ்மாக் இருக்கிற ஏரியாவுல வளர்ந்தவங்களுக்கு இது என்ன சொல்லுதுன்னு விளக்கவே வேணாம்.

இந்த எடத்துல புத்திசாலி ஒருத்தர் கேப்பார், நல்ல ஏரியாவுக்கு குடி போறவங்களே கொஞ்சம் விவரமான ஆளுங்கதானே, அப்ப ஏரியா தூக்கி விட்டுச்சா இல்ல அவங்க விவரம் தூக்கி விட்டுச்சா? நியாயமான கேள்வி. இதுக்கு அமெரிக்காவுல ஒரு குலுக்கல் முறை சோதனை ஏற்கனவே நடந்திருந்துச்சு. 1994ல இருந்து 1998 வரைக்கும் நியூயார்க், சிகாகோ, பாஸ்டன், பால்டிமோர், லாஸ் ஏஞ்சலஸ்னு அஞ்சு ஊர்ல அரசு குடியிருப்புல இருந்த சுமார் 4,600 ஏழை குடும்பங்கள குலுக்கல் போட்டு, ஒரு பிரிவுக்கு மட்டும் ஏழ்மை கம்மியா இருக்கிற ஏரியாவுக்கு போனா வாடகைக்கு உதவி பண்றோம்னு சொன்னாங்க. பெரியவங்களோட சம்பளம் ஒன்னும் பெருசா மாறல, அதனால ரொம்ப வருஷம் இந்த திட்டம் வேஸ்ட்னு பேசிட்டு இருந்தாங்க. அப்புறம் அந்த குழந்தைங்க வளர்ந்து இருபதுகளோட நடுவுல வந்தப்ப பாத்தா, 13 வயசுக்கு முன்னாடி இடம் மாறின புள்ளைங்க, மாறாத பிரிவு புள்ளைங்கள விட 31 சதவீதம் அதிகமா சம்பாதிச்சாங்க. 13 தாண்டி மாறினவங்களுக்கு லாபம் இல்ல, கொஞ்சம் நஷ்டம் கூட தெரிஞ்சுது. லட்சக்கணக்குல இடம் மாறின வேற குடும்பங்கள பாத்த இன்னொரு ஆய்வுலயும் இதே மாதிரிதான், ஒரே வீட்டுல அண்ணன் தம்பி ரெண்டு பேருன்னா சின்ன வயசுலயே நல்ல ஏரியாவுக்கு வந்த தம்பிக்கு பலன் ஜாஸ்தி. அதாவது எத்தன வருஷம் அந்த காத்து படுதோ அந்த அளவுக்கு.

ஆனா அந்த காத்துல அப்படி என்னதான் இருக்கு? பள்ளிக்கூடம், பார்க்கு, பாதுகாப்பு எல்லாம் இருக்கு, எனக்கு தோணுறது அதுல முக்கியமானது தகவல். இத நம்ம சென்னையிலயே கண்ணால பாக்கலாம், ஜூலை ஆகஸ்ட்ல இன்ஜினியரிங் கவுன்சிலிங் சாய்ஸ் ஃபில்லிங் நடக்கும்போது பாருங்க. கணக்குக்கு 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50, ஆக 200க்கு கட்டாஃப். ரெண்டு பொண்ணுங்க, ரெண்டு பேருக்கும் 182ன்னு வெச்சுக்கோங்க. ஒருத்தி அண்ணா நகர் அப்பார்ட்மென்ட், லிஃப்ட்ல ஏறும்போதே மூணாவது மாடி ஆன்ட்டி கேப்பாங்க "என்னம்மா கட்டாஃப்?", அப்புறம் அவங்க பையன் எந்த காலேஜ், அங்க ப்ளேஸ்மென்ட் எப்படி, எது அட்டானமஸ், எதுல கம்ப்யூட்டர் சயின்ஸ்னு போர்டு மட்டும் இருக்கு உள்ள ஸ்டாஃப் இல்ல, போன வருஷம் எந்த காலேஜ் எந்த கட்டாஃப்ல க்ளோஸ் ஆச்சு, எல்லாம் நாலு மாடி ஏறுறதுக்குள்ள வந்துரும், ராத்திரி அந்த அண்ணனே லேப்டாப்போட வந்து உக்காந்து எழுவது எம்பது சாய்ஸ் வரிசையா போட்டு குடுப்பான். இன்னொருத்தி வியாசர்பாடி, அவ வீட்டுலயும் தெருவுலயும் இன்ஜினியரிங் படிச்ச ஆள் இல்ல, பிரவுசிங் சென்டர் அண்ணன்தான் எல்லாம். அவர் நல்லவர்தான், பின்னாடி ஆதார் திருத்த பத்து பேர் நிக்கிறாங்க. பஸ் போற காலேஜ், டிவில விளம்பரம் வந்த காலேஜ், ஸ்கூல்ல வந்து பேனா குடுத்துட்டு போன காலேஜ்னு ஒரு பன்னெண்டு சாய்ஸ், லாக் பண்ணியாச்சு. மார்க்கு ஒன்னு, கவர்மென்ட் விதி ஒன்னு, ஃபீஸ் கூட இவளுக்கு முதல் பட்டதாரி சலுகையில குறையும், நாலு வருஷம் கழிச்சு ரெண்டு பேர் சம்பளமும் ஒன்னா இருக்காது. வித்தியாசம் அந்த லிஃப்ட்லதான் உண்டாச்சு.

இந்த விஷயத்தையும் எண்ணி பாத்துட்டாங்க. 2022ல செட்டி குழு அமெரிக்காவுல 25ல இருந்து 44 வயசுக்குள்ள இருக்கிற 7 கோடி பேருக்கு மேல ஃபேஸ்புக்ல யாருக்கு யார் ஃப்ரெண்டுன்னு பாத்தாங்க, பேர் இல்லாம, மொத்தமா. ஏரியாவுல ஏழைக்கும் வசதியானவனுக்கும் நட்பு எவ்ளோ கலந்திருக்குங்கறதுதான் அங்க ஏழை புள்ளைங்க முன்னேறுறதோட ரொம்ப இறுக்கமா ஒட்டி வந்த அளவுகோல்கள்ல ஒன்னு. ஏழை வீட்டு புள்ள, வசதியான வீட்டு புள்ளைக்கு அமையுற மாதிரி நட்பு வட்டம் உள்ள ஊர்ல வளர்ந்திருந்தா பின்னாடி வருமானம் சராசரியா 20 சதவீதம் கூடியிருக்கும்னு மதிப்பீடு. சும்மா எல்லாரும் எல்லாருக்கும் உதவி பண்ற ஊரு, தன்னார்வலர் நிறைய இருக்கிற ஊருங்கறதெல்லாம் இந்த அளவுக்கு ஒட்டி வரல. எனக்கு இது கொஞ்சம் வலிக்கிற உண்மை, ஏன்னா நம்ம குடிசை பகுதிங்கள்ல ஒருத்தருக்கு ஒருத்தர் பண்ற உதவி வேற எங்கயும் பாக்க முடியாது, ராத்திரி ரெண்டு மணிக்கு பிரசவ வலின்னா தெருவே கூட வரும், ஆனா அந்த தெருவுல யாருக்கும் எச்ஆர் நம்பர் தெரியாது.

இன்னொன்னும் அதுல வந்துச்சு. ஏழைக்கும் வசதியானவனுக்கும் நட்பு இல்லாததுக்கு பாதி காரணம் சந்திக்கவே வழி இல்லாதது, மீதி பாதி ஒரே ஸ்கூல்ல ஒரே காலேஜ்ல இருந்தும் தனித்தனியா உக்காந்துக்கறது. தனியார் ஸ்கூல்ங்க ஆரம்ப வகுப்புல 25 சதவீத சீட்டு ஏழை புள்ளைங்களுக்கு குடுக்கணும்னு ஆர்டிஇ, அதாவது 2009 கல்வி உரிமை சட்டம் சொல்லுது, சீட்டு குடுத்துட்டு தனி செக்‌ஷன்ல போட்டா பாதி வேலைதான் ஆகுது. கலந்து உக்கார வெச்சா பணக்கார புள்ளைங்க கெட்டு போயிடுவாங்கன்னு சில பேரன்ட்ஸ் பயப்படுவாங்க, டெல்லி தனியார் ஸ்கூல்ங்கள்ல கௌதம் ராவ்னு ஒரு பொருளாதார பேராசிரியர் பண்ணின ஆய்வு 2019ல வந்துச்சு, ஏழை புள்ளைங்க கூட படிச்ச வசதியான புள்ளைங்களுக்கு மார்க்குல பெரிய அடி ஒன்னும் இல்ல, தாராள குணம் கூடியிருந்துச்சு, ஏழைங்கள ஒதுக்குறது குறைஞ்சிருந்துச்சு.

நம்ம நாட்டு கணக்குக்கு வருவோம். இங்க எல்லாரும் வருமான வரி கட்டுறது இல்ல, அதனால வருமானத்துக்கு பதிலா அப்பா படிப்பையும் புள்ள படிப்பையும் வெச்சு அளக்குறாங்க. சாம் ஆஷர், பால் நோவோசாட்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளருங்களோட குழு அப்படி பாத்ததுல தலித் குடும்பங்களோட முன்னேற்றம் கூடியிருக்கு, முஸ்லிம் குடும்பங்களுக்கு குறைஞ்சிருக்கு, நகரங்களும் தென் மாநிலங்களும் பரவால்ல. இவங்களே நாடு முழுக்க 15 லட்சம் குடியிருப்பு பகுதிகள எடுத்து பாத்து இன்னொன்னும் சொன்னாங்க, ஒரே ஊருக்குள்ளயே முஸ்லிம், தலித் மக்கள் நெருக்கமா இருக்கிற பகுதிகள்ல அரசு ஸ்கூல், ஆஸ்பத்திரி எல்லாம் கம்மி. வீட்டு புரோக்கர் "நீங்க எந்த ஆளுங்க"ன்னு நாசூக்கா கேக்குறதும், "வெஜிடேரியன் ஒன்லி" போர்டும் சென்னைவாசிக்கு புதுசு இல்ல, அந்த கேள்விக்கு விலை வாடகைல மட்டும் இல்ல, புள்ளையோட ஸ்கூல்லயும் விழுது.

சமூகம்னாலே நல்லது பண்ணும்னும் நினைக்க வேணாம். பம்பாய் தாதர் பகுதிய பத்தி கைவன் முன்ஷி, மார்க் ரோசன்ஸ்வைக்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளருங்க 2006ல ஒரு கட்டுரை போட்டாங்க. அங்க தொழிலாளர் சாதிகளுக்கு மில்லு, ஃபேக்டரி வேலைக்கு சொந்தக்காரங்க மூலமா ஆள் சேர்க்கிற நெட்வொர்க் பலமா இருந்துச்சு. வேலை உறுதி, அதனால பையன மராத்தி மீடியத்துலயே போட்டுட்டாங்க. பொண்ணுங்களுக்கு அந்த நெட்வொர்க்ல எடமே இல்ல, அவங்கள பிடிச்சு வெக்க ஒன்னும் இல்லாததால இங்கிலீஷ் மீடியம் போனாங்க, புது பொருளாதாரம் வந்தப்ப பொண்ணுங்கதான் வேகமா பிடிச்சாங்க. மாமா சொல்லி கான்ட்ராக்ட்ல சேர்த்து விடுறேன்னு ப்ளஸ் டூவோட நின்ன பசங்க நம்ம வடசென்னையிலயும் உண்டு. பெரம்பூர் பி அண்ட் சி துணி மில் 1996ல மூடினப்ப, மில்லு வேலைய நம்பி கட்டின அந்த பாதையும் சேர்ந்துதான் மூடுச்சு.

இப்ப இதெல்லாம் சேர்த்து வெச்சு கண்ணகி நகர பாருங்க. 2000ல இருந்து ஆத்தங்கரை, கால்வாய் ஓரம், ரோட்டோரம்னு சிட்டிக்குள்ள இருந்த குடும்பங்கள காலி பண்ணி துரைப்பாக்கம் பக்கம் கொண்டு போய் வெச்சாங்க, 15,000க்கு மேல வீடு. சுனாமிக்கு அப்புறம் செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்கு அப்புறம் கூவம் கரையில இருந்தவங்களுக்கு பெரும்பாக்கம், அங்க 20,000க்கும் மேல. குடிசைக்கு பதிலா கான்கிரீட் வீடு, அது உண்மையிலேயே பெரிய விஷயம், மழைக்கு ஒழுகாத கூரைய சாதாரணமா பேசக்கூடாது. ஆனா அமெரிக்காவுல பண்ணினது ஏழை குடும்பத்த வசதியான ஏரியாவுக்குள்ள ஒன்னு ஒன்னா கலந்து விட்டது. நாம பண்ணினது ஊர்ல உள்ள ஏழைங்க எல்லாரையும் பொறுக்கி ஒரே எடத்துல குவிச்சது. ரெண்டுக்கும் பேரு இடமாற்றம்தான், வேலை நேர் எதிர்.

இப்படி போன ஒரு குடும்பத்த நினைச்சு பாருங்க, சிந்தாதிரிப்பேட்டையில இருந்தப்ப அந்த வீட்டு அம்மா நடந்து போய் நாலு வீட்டுல வேலை பாப்பாங்க, ஸ்கூல் பக்கம், ஜிஎச் பக்கம், அவசரத்துக்கு அட்வான்ஸ் குடுக்குற அந்த நாலு வீட்டு அம்மாவும் பக்கம். இருவது கிலோமீட்டர் தள்ளி போனப்புறம் விடிய காலையில பஸ் ஏறணும், 2021ல லேடீஸுக்கு டிக்கெட் இலவசம் ஆனதுல காசு மிச்சம், நேரம் மிச்சம் இல்ல. பக்கத்துலயே ஓஎம்ஆர் ஐடி கம்பெனிங்க இருக்கே, வேலை கிடைக்காதான்னா, கிடைக்குது, ஹவுஸ்கீப்பிங்கும் செக்யூரிட்டியும். அதுக்கு மேல போக பாத்தா அட்ரஸ் இடிக்குது. ரெஸ்யூமேல கண்ணகி நகர்னு போட்டா கூப்பிட மாட்டாங்கன்னு துரைப்பாக்கம்னு போடுற பசங்க கதை அங்க வீட்டுக்கு வீடு கேக்கலாம், லோன் கேட்டா அந்த ஏரியாவுக்கு குடுக்கறதில்லன்னு திருப்பி அனுப்புறதும் அதே கதைதான். 2025ல பஹ்ரைன் ஆசிய இளையோர் போட்டியில கபடி தங்கம் ஜெயிச்ச டீம்ல அந்த ஏரியா பொண்ணு இருந்தப்ப ஜனங்க அப்படி கொண்டாடினதுக்கு காரணம் கபடி மட்டும் இல்ல, அந்த பேர டிவில நல்ல விஷயத்துக்கு சொன்னாங்கல்ல, அதுவும்தான்.

இது சும்மா என் கருத்து இல்ல, அகமதாபாத்ல இதுக்கு ஆதாரமே இருக்கு. 1987ல அங்க குடிசைவாசிகளுக்கு குலுக்கல்ல ஊருக்கு வெளிய நல்ல வீடு குடுத்தாங்க, சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி. 14 வருஷம் கழிச்சு போய் பாத்தா வீடு நல்லாதான் இருக்கு, ஆனா குலுக்கல்ல ஜெயிச்சவங்களுக்கும் தோத்தவங்களுக்கும் குடும்ப வருமானத்துலயும் சரி புள்ளைங்க நிலைமையிலயும் சரி வித்தியாசம் இல்ல. ஜெயிச்சவங்கள்ல 34 சதவீதம் பேர் குடி போகவே இல்ல, 32 சதவீதம் பேர் போய்ட்டு திரும்பிட்டாங்க. தங்கினவங்களுக்கு சொந்தக்காரங்க தூரமாயிட்டாங்க, கஷ்டத்துக்கு கை நீட்ட ஆள் குறைஞ்சு போச்சு.

தமிழ்நாடு ஒன்னுமே பண்ணலன்னு சொன்னா அது அபாண்டம். 1920லயே ஆயிரம் விளக்கு மாநகராட்சி பள்ளியில மதிய சாப்பாடு போட்ட ஊரு இது, அப்புறம் காமராஜர், எம்ஜிஆர், 2022ல காலை உணவுன்னு அந்த கோடு நீண்டு வந்திருக்கு, இட ஒதுக்கீடும் கூட. 2021-22 கணக்குல, காலேஜ் வயசு ஜனத்தொகைக்கு உயர்கல்வியில சேர்ந்திருக்கிறவங்க விகிதம் நாடு முழுக்க 28.4 சதவீதம், தமிழ்நாட்டுல 47. அதனால காலேஜ் வாசல் வரைக்கும் வந்துடுறாங்க, அந்த வாசலுக்கு அப்புறம் யார தெரியும்ங்கறதுதான் பிரிக்குது. 2024ல கொளத்தூர்ல திறந்த முதல்வர் படைப்பகம் மாதிரி எடம், வீட்டுல உக்காந்து படிக்க எடம் இல்லாத பையனும் ஐடி வேலை பாக்குறவனும் ஒரே கூரைக்கு கீழ லேப்டாப் திறக்குற எடம், அதனால எனக்கு புடிக்குது. அங்க டேபிளுக்கு டேபிள் நடக்குற பேச்சு, அந்த லிஃப்ட் பேச்சுக்கு ஓரளவு ஈடு.

வீடு விஷயத்துல, பழைய குடியிருப்ப இடிச்சு அதே எடத்துல கட்டி குடுக்குறது சிட்டிக்கு வெளிய தள்றத விட எவ்வளவோ மேல். நகரத்துக்குள்ள நிலம் விலை ஆகாசத்துல இருக்குன்னு அதிகாரிங்க சொல்றது பொய் இல்ல. ஆனா செலவுன்னு எழுதும்போது சதுர அடியும் சிமெண்டும்தான் எழுதுறாங்க. அமெரிக்க சோதனையில செட்டி குழு அடுத்த பக்கத்தையும் எழுதினாங்க, எட்டு வயசுல இடம் மாறின குழந்தைக்கு வாழ்நாள் வருமானம் சுமார் 3 லட்சம் டாலர் கூடும், அதுல இருந்து வர்ற வரியே அரசாங்கம் செஞ்ச செலவ கட்டிடலாம்னு. கண்ணகி நகருக்கு குடி வந்த வருஷம் பொறந்த குழந்தைக்கு இப்ப 25 தாண்டிருச்சு. அப்ப காலி பண்ணாம சிட்டிக்குள்ளயே தங்கிட்ட பக்கத்து தெரு குடும்பங்கள்லயும் அதே வயசு புள்ளைங்க இருக்காங்க. ரெண்டு பக்கமும் சம்பளம் என்னன்னு போய் கேட்டு எழுத இதவிட சரியான வயசு கிடையாது.